களத்துமேட்டுத் துலாக்கோல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குளத்துப் பாசனத்தையும் கிணற்று நீரையும் நம்பியிருக்கும் ராயகிரி போன்ற சிவகிரி வட்டத்து ஊர்களில், நான்கு மாதம் வயலோடு மல்லாடிய உழவன் தன் நெல்லை அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுசேர்க்கும் நாளில், அவனது உழைப்பின் பலன் முழுவதும் ஒரு பட்டியல் எழுத்தரின் பேனா முனைக்கு வந்துவிடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் உள்ளதா என்று பார்ப்பது, தூற்றிய நெல்லை 40 கிலோச் சிப்பமாக எடைபோடுவிப்பது, வரவு எழுதுவது, லாரியில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்பிச் செலவு எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பே. அந்த இடத்தில் மூட்டைக்கு 30 ரூபாய், 40 ரூபாய் என்று கை நீளுவதாகத் தமிழகத்து உழவர்கள் ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். 2020-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே மனம் நொந்து, ஊதியத்துக்கு மேல் கையூட்டுப் பெறுவது பிச்சையெடுப்பதற்குச் சமம் என்னும் பொருள்படக் கண்டித்தது.

குறைந்த சம்பளக்காரர் ஜீவனத்துக்காக வாங்கும் மாமூல் மன்னிக்கத் தக்கதா என்பது கேள்வி. மன்னிக்கத் தக்கதன்று. 2025 செப்டம்பர் முதல் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று அரசு விலை வைத்தது. அக்கணக்கில் 40 கிலோச் சிப்பம் 1,000 ரூபாய் பெறும். அதில் 40 ரூபாய் போனால் நூற்றுக்கு நான்கு போயிற்று. உரத்துக்கும் அறுவடை இயந்திர வாடகைக்கும் வட்டிக்குக் கடன் வாங்கியவனுக்கு, அந்த நான்கும் சிறிய இழப்பன்று.

அளந்து கணக்கெழுதும் இந்த உத்தியோகத்தை நம் முன்னோர் எவ்வளவு சிரத்தையோடு நோக்கினார்கள்! காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருளையும் கப்பலேறிய பொருளையும் அளவிட்டு, புலிச்சின்னம் பொறித்து, நாள்தோறும் சோர்வின்றிச் சுங்கம் கொண்ட அலுவலரை உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பெருமையோடு நிறுத்துகிறார். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் அறியாத வணிகரை அதே நகரில் காட்டுகிறார். எண்ணும் பெயரும் எழுதிய பொதிகள் காவலின்றிக் கிடந்த புகார் மன்றத்தைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. திருடியவன் அப்பொதியையே தலையில் சுமந்து கழுத்துக் கடுக்கச் சுற்றிவர வேண்டுமாம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை தேடியபோது துலாக்கோலைத்தான் எடுத்தார். அரசுப் பொருளைக் கையாள்வோர் அதை அபகரிக்கும் நாற்பது வழிகளை எண்ணிக் காட்டிய கௌடில்யர், நீரில் திரியும் மீன் நீர் குடிப்பதைப் போலவே அவர்களது களவையும் கண்டறிய இயலாதென்றும் எச்சரித்தார். பாண்டியன் அறிவுடை நம்பியின் முன் நின்ற பிசிராந்தையார், குடிகளிடம் இறை கொள்ளும் முறைக்கு உவமையாக, கவளமாக ஊட்டினால் ஒரு சிறு வயலின் நெல்லே யானைக்குப் பல நாளுக்குப் போதும், தானே புகுந்து மேய்ந்தால் வாய்க்குப் போவதைவிடக் காலில் அழிவதே மிகுதி என்றார். அது இந்தப் பாண்டி நாட்டுக்கே உரைக்கப்பட்ட அறிவுரை அல்லவா?

எழுத்தர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 17 சதவீத ஈரத்தோடு வாங்கிய 40 கிலோ நெல், கிடங்குக்குப் போகுமுன் வெயிலில் 14 சதவீதத்துக்கு உலர்ந்தால், ஒரு மணியும் களவுபோகாமலே ஏறத்தாழ 1.4 கிலோ குறையும். அந்தக் குறைவு எழுத்தர் தலையில் விழுமென்ற பயம் பொய்யன்று. ஆயினும், அந்தப் பயத்தைச் சாக்கிட்டு அடுத்த உழவனின் சாக்கில் ஒரு கிலோ கூட்டி எடைபோட எவருக்கும் உரிமையில்லை. வாங்கிய நாளின் ஈரப்பதமும் அனுப்பிய நாளின் ஈரப்பதமும் பதிவேட்டில் உண்மையாக ஏறட்டும். எடைத்தட்டு உழவன் கண்ணுக்கு நேரே இருக்கட்டும். உலர்வுக் கழிவை எழுத்தர், கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திடம் கணக்கோடு கேட்கட்டும். மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில், தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடி தன் முறைக்குக் காத்திருப்பவனிடம் ஈரப்பத எண்ணைச் சொல்வதைத் தவிர, கேட்டுப் பெறுவதற்கு எழுத்தருக்கு எதுவும் இல்லை.