பிழைத்தவரின் குறை

உயிரைக் காப்பாற்றியவர்களிடம் போய் ஒரு குறையைச் சொல்லலாமா? கூடாது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். வெள்ளத்திலிருந்து கரையேற்றிவிட்டவனிடம், "என் செருப்பு ஆற்றோடு போய்விட்டதே!" என்று சொல்பவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். நன்றி கெட்டவன் என்றும் சொல்லும். அது பண்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பண்பாடே ஒரு மனிதரின் வாயைக் கட்டிப்போட்டு, அவரைச் சிறுகச் சிறுகக் கரைத்துவிடவும் கூடும். அதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

வாயிலும் தொண்டையிலும் வருகிற புற்றுநோய் நம் நாட்டுக்குப் பழைய பகை. புகையிலையும் பாக்கும் பீடியும் வீடு தேடி அழைத்துவந்த விருந்தாளி அது. இவற்றைத் தொடாதவர்களையும் சில சமயம் பிடித்துக்கொள்கிறது. அதற்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்கிறார்கள். நம் ஜனங்கள் 'கரண்டு வைப்பது' என்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிஷந்தான். வாய் வெந்து, எச்சில் வற்றி, சோற்றின் ருசி மறந்துபோகும். எல்லாம் பொறுத்தால் உயிர் மிஞ்சுகிறது. எத்தனையோ பேருக்கு மிஞ்சியிருக்கிறது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் தைராய்டு என்ற சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் அடுப்பை எரியவிடும் வேலை அதனுடையது. இன்றைய இயந்திரங்கள் குறி பார்ப்பதில் கெட்டிக்காரத்தனம் மிக்கவைதாம். ஆனாலும் கழுத்தில் நெறி கட்டும் இடங்களையெல்லாம் சேர்த்துச் சுட வேண்டியிருக்கும்போது, வழியிலிருக்கும் இந்தச் சுரப்பியை முற்றும் தப்பவிட முடிவதில்லை. கழுத்தில் கதிர் பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேரிலிருந்து 50 பேர் வரை, பின்னால் தைராய்டு குன்றிப்போகிறது. உடனே அன்று. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். சிலருக்குப் பத்து ஆண்டு கழித்தும். எல்லாம் முடிந்தது என்று தேங்காய் உடைத்து, நேர்த்திக்கடன் தீர்த்து, மறந்தும் போன பிறகு வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர். ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்று வந்து, முப்பத்தைந்து முறை கரண்டு வைத்துக்கொண்டு பிழைத்தவர். பிழைத்து வந்த முதல் வருஷம் கம்பனைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார், கரகரத்த குரலில். இரண்டாம் வருஷம் பேச்சுக் குறைந்தது. சித்திரை வெயிலில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டதும் தூங்குவார், எழுந்து காபி குடித்துவிட்டு மறுபடி தூங்குவார். பாட்டின் முதல் அடி வரும், இரண்டாம் அடி வராது. அதைத் தேடவும் மாட்டார். அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

மகன், "அப்பாவுக்கு எதிலும் அக்கறையே இல்லை. இவருக்காகப் பட்டதெல்லாம் வீணோ என்று இருக்கிறது" என்றான். அந்த அம்மாள், "பிழைத்து வந்ததே பெரிசு தம்பி, இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார். இரண்டும் அன்பிலிருந்து வந்த வார்த்தைகளே. இரண்டும் அவரைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அவரையே கேட்டேன். "இது எனக்கு இரண்டாம் பிறவி. இனாமாக வந்த பிறவியில் சொட்டை சொல்கிறதா? எனக்கென்ன, சோம்பேறியாகிவிட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

சோம்பேறி! அவரே தமக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டார்.

வள்ளுவர் ஓரிடத்தில் காலம் தாழ்த்தல், மறதி, சோம்பல், தூக்கம் என்று நான்கைச் சேர்த்துச் சொல்கிறார். தைராய்டு குன்றியவர்களின் குறிகளை ஒரு வைத்தியர் எழுதினாலும் ஏறக்குறைய இந்த நான்கைத்தான் எழுதுவார். கூடக் குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், காரணமில்லாத சோர்வும் துயரமும். அப்படியானால் வள்ளுவர் நோயாளியையா பழித்தார்? இல்லை. கெடுகிற இயல்புள்ளவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் அந்த நான்கும் என்று உரைகாரர் விரிப்பர். விருப்பம் என்ற அந்தச் சொல்லை நாம் விட்டுவிடுகிறோம். விரும்பி ஏறியவன் வேறு, தூக்கிப் போடப்பட்டவன் வேறு. கரையில் நின்று பார்த்தால் இருவரும் ஒரே தோணியில்தான் போகிறார்கள்.

இங்கே ஒரு தர்க்கம் எழும். நூறு மைக்ரோகிராம் மருந்தில் ஒருவரின் ஊக்கம் திரும்புமானால், ஊக்கம் என்பது ஒரு ரசாயனந்தானா? முயற்சி, ஒழுக்கம் என்றெல்லாம் நாம் போற்றுவது சுரப்பியின் கருணையா? கதை எழுதுகிறவனுக்கு இது கலவரமான கேள்வி. பாத்திரங்களின் குணத்தை நம்பியே பிழைப்பவன் அவன். எனக்குத் தோன்றுவது இது. மருந்து அவருக்கு அடுப்பெரியச் செய்யலாம்; கம்பனைக் கற்றுக்கொடுக்காது. அந்த ஆசை அறுபது ஆண்டு அவர் உழைத்துச் சேர்த்தது. அது எங்கும் போய்விடவில்லை, எழுந்து வரத்தான் தெம்பில்லை. ஆகவே குணம் பொய்யென்று ஆகவில்லை. பிறர் குணத்தை வெளியிலிருந்து அளக்க நாம் கொண்டுபோகும் படிதான் கோணல்.

வேறெதற்கோ போன இடத்தில் ஓர் இளம் டாக்டர், கழுத்தில் கதிர் பட்ட அடையாளத்தைப் பார்த்து, ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். முடிவு வந்தது. தினம் ஒரு சிறு மாத்திரை, ஆயுள் முழுவதும். சில மாதங்களில் ஆசிரியர் எழுந்து உட்கார்ந்தார். முதலில் திரும்பி வந்தது கம்பன் அல்ல, கோபம். "சட்னியில் உப்பில்லை என்று கத்துகிறார். சுகமாகிவிட்டார் தம்பி!" என்று அந்த அம்மாள் சிரித்தார். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணியாவது காபிக்குக் காத்திருக்க வேண்டுமாம். காபி மருந்தை உடம்பில் சேரவிடாது. அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் அவர் பக்கம் போவதில்லை.

பிறகுதான் அவருக்குக் கேள்வி பிறந்தது: இதை ஏன் யாரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை? சிகிச்சை செய்த இடத்திலேயே போய்க் கேட்டார். "காகிதத்தில் எழுதித்தான் கொடுத்தோம் ஐயா. அன்றைக்கு உங்களுக்கு அது காதில் விழுந்திருக்குமா?" என்றார் அங்கிருந்த டாக்டர். நியாயந்தான். பிழைப்பேனா என்று நடுங்குகிறவனிடம், மூன்று வருஷம் கழித்துச் சோம்பல் வரும் என்று சொன்னால் அவன் அதை வரமாகவே எடுத்துக்கொள்வான். அன்று சொன்னால் போதாது; பிறகும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அப்படிக் கூப்பிட்டுக் கேட்ட ஒருவர் சரித்திரத்தில் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். கழுத்துக் கழலையை எடுப்பதில் ஈடில்லாத கை. 1874-ல் பதினொரு வயதுப் பெண் ஒருத்திக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்தார். காயம் அழகாக ஆறியது. அந்தப் பெண்ணோ மாறிப்போனாள் என்று பிறகு செய்தி வந்தது. 1882-ல் ஜெனீவாவின் ரெவெர்டின் என்ற மருத்துவரும் தம் நோயாளிகளிடம் இதையே கண்டதாகச் சொன்னார். கோக்கர் தம் பழைய நோயாளிகளை வரவழைத்தார். அந்தப் பெண்ணின் தங்கை வாட்டசாட்டமாக வளர்ந்திருந்தாள். அவளோ குட்டையாய், மந்தமாய் நின்றாள். சுரப்பி முழுவதையும் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கதிதான். அவர்களில் எத்தனை பேர், 'பெரிய டாக்டர், உயிர் கொடுத்தவர்' என்று வாய் மூடியிருந்தார்களோ! கோக்கர் 1883-ல் அதை மருத்துவர் சபையிலேயே எடுத்துச் சொன்னார். சாதாரணக் கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார். 1909-ல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. பரிசைவிட அந்தக் கூப்பிட்ட செயலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாற்று மருந்தும் வெகுகாலம் காத்திருக்கவில்லை. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே ஏற்றி ஒரு பெண்மணியை எழுப்பினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை ரத்தம் பார்த்தால் போதும். கேட்பார் வேண்டும், அவ்வளவே.

ஆசிரியர் இப்போது அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறார். கரண்டு வைக்கும் அறைக்கு வெளியே தம்மோடு ஒரே பெஞ்சியில் காத்திருந்தவர்களில் ஐந்தாறு பேருடைய போன் நம்பர் அவரிடம் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குளிருகிறதா, தூக்கம் எப்படி என்று விசாரித்தார். இரண்டு பேர் பரிசோதித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இன்னொருவர், "உயிர் மிஞ்சியதே போதும் ஐயா, இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு..." என்று போனை வைத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை அவரை மறுபடி கூப்பிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.