பெரிதாதலும் வளர்தலும்

ஓர் உருவத்தை இருமடங்காகப் பெரிதாக்கினால் அதில் எவையெல்லாம் இருமடங்காக வேண்டும்? எளிய வினாவாகவே தோன்றும். ஆயின், அசையும் படங்களை உருவாக்க உதவும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற கணினி மென்பொருளில் ஒரு வட்டத்தை வரைந்து பார்ப்பவர், அஃது அத்துணை எளிதன்று என விரைவில் உணர்வார்.

அங்கே வட்டத்தைப் பெரிதாக்க இரு வழிகள் உண்டு. வட்டம் அமைந்த அடுக்கு முழுவதையும் 100 விழுக்காட்டிலிருந்து 200 விழுக்காட்டுக்கு உயர்த்தலாம். அப்போது வட்டத்தோடு அதன் கோடும் தடிக்கும்; நூலாய் இருந்தது கயிறாகும். வட்டத்தின் அளவை மட்டும் மாற்றினாலோ வட்டம் விரியும்; கோடு பழைய மென்மையிலேயே நிற்கும். அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலிக் குறியை நீக்கி ஒன்றை மட்டும் கூட்டினால் வட்டம் முட்டை வடிவாகும். எந்தப் புள்ளியை நிலையாகக் கொண்டு உருவம் விரிகிறது என்பதும் உண்டு. அந்நிலைப்புள்ளி நடுவில் இராமல் எங்கோ ஓரத்தில் கிடந்தால், பெரிதாகும் உருவம் இடம்பெயர்ந்து திரைக்கு வெளியே போய்விடும். எது மாறலாம், எது மாறலாகாது என்பதைக் கருவி சொல்லாது. அது வரைபவர் பொறுப்பு.

இப்பொறுப்பை நம் சிற்பிகள் நன்கு அறிந்திருந்தனர். சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தைத் தாலம் எனும் அளவாகக் கொள்கின்றன. பெருந்தெய்வங்களுக்கு 124 கூறுகள் கொண்ட உத்தம தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். பெரிய உருவைச் சுருக்கினால் குழந்தை உரு வாராது என அவர்கள் கண்டனர். பிறந்த குழவிக்குத் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் திருவுருவமும், பூசையறையிலுள்ள சிறு திருமேனியும் ஒரே விகிதத்தில் அமையலாம். ஆனால், உயரம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்கும் பாதத்தின் பரப்போ நான்கு மடங்குதான். கலீலியோ 1638இல் விளக்கிய உண்மை இது. வெளியே விகிதம் காத்தாலும் உள்ளே எஃகை வேறு கணக்கில்தான் இட வேண்டும்.

பள்ளிகளை அளக்கும்போது இந்நுட்பம் மறக்கப்படுவதே வருத்தத்திற்குரியது. வட சிலாங்கூர்ப் பகுதிகளில் தோட்டத்தை நம்பியே தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தபின், வகுப்பறைகள் காலியாயின. 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை இந்நாட்டில் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளியை, முந்நூறு பேர் பயிலும் பள்ளியின் பத்து விழுக்காட்டுப் படி என்று எண்ணுவது தவறு. அங்கே ஆறாம் ஆண்டு மாணவி முதலாம் ஆண்டுச் சிறுவனுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுத் தரலாம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்திருக்கலாம். சிறுமையால் விளையும் நன்மை அது.

மறுபுறம், சுருங்காத கோடும் உண்டு. பெரிய பள்ளி அனுப்பும் அதே அறிக்கைகள், அதே படிவங்கள், அதே கோப்புகள் சிறிய பள்ளியின் ஐந்தாறு ஆசிரியர்மேலும் விழுகின்றன. வட்டம் சுருங்கிக் கோடு மட்டும் தடிப்பாகவே நின்றால் நடுவிலுள்ள வெளி மூடிப்போகும். அந்த வெளிதானே கற்பித்தல்?

இனி நிலைப்புள்ளி. பள்ளியை மாணவர் மிகுந்த நகர்ப்புறத்துக்குப் பெயர்த்துப் பெரிதாக்குவது முறையா என்பது எளிதில் தீரும் வழக்கன்று. நகரத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. அவர்களுக்குப் பள்ளி வேண்டாம் என யார் சொல்வர்? ஆயினும் நிலைப்புள்ளியாக எதைக் கொண்டனர், கட்டடத்தையா, உரிமத்தையா, பிள்ளையையா என்று கேட்பது தகும். பிள்ளைதான் எனில், தோட்டத்தில் எஞ்சிய நான்கைந்து பேர் விடியுமுன் எழுந்து எந்த வேனில் ஏறுவர், அதற்குக் கட்டணம் யார் தருவர் என்பதைப் பள்ளி மேலாளர் வாரியம் இடமாற்றத்துக்குக் கையொப்பமிடுமுன் எழுதி வைத்திருக்க வேண்டும்.