இடப்புறம் மறந்தவரும் கயிறு பிடிப்பவரும்

உள்ளதை இல்லை என்பதும் இல்லாததை உண்டு என்பதும் பொய் என்று சிறுவரும் அறிவர். ஆயினும், செயலிழந்த இடக்கையை உடைய ஒருவர், "என் கை நன்றாகவே இருக்கிறது" என்று மனமாரக் கூறுவாராயின், அதனைப் பொய் எனலாமோ?

பக்கவாதம் கண்டவர்களுள் சிலருக்கு இந்நிலை நேர்கிறது. மூளையின் வலப்பாகத்து இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, இடப்பக்கத்துக் கைகால்கள் தளர்வதோடு, இடப்புறம் ஒன்று உண்டு என்ற நினைவே நழுவிவிடுவதுண்டு. கண்ணில் பழுதில்லாதபோதும் கவனம் அப்பக்கம் செல்வதில்லை. இலையின் வலப்பாதியில் உள்ள சோற்றை மட்டும் உண்டு, போதவில்லை என்பர். இலையைத் திருப்பி வைத்தால் மீதியையும் உண்பர். தம் ஊனத்தைத் தாமே உணராத நிலைக்கு 1914-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 'அனோசோக்னோசியா' என்று பெயரிட்டார். நோயறியாமை என்பது அதன் பொருள்.

இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிசியாக், லுசாட்டி என்னும் ஆய்வாளர் இருவர், இடப்புறம் மறந்த நோயாளிகளிடம் அந்நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணால் கண்டு வருணிக்கக் கூறினர். ஆலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது வலப்புறக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள். ஆலய வாயிலில் நின்று எதிர்த்திசையை நோக்குவதாக எண்ணியபோது, முன்பு விட்டவற்றைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள். இவ்வாய்வு 1978-இல் வெளியாயிற்று.

அத்தகைய ஒருவர் தூத்துக்குடிக் கரையில் நின்று கிழக்கே கடலை நோக்குவதாக எண்ணினால், வலப்புறத்துக் காயல்பட்டினமும் திருச்செந்தூரும் நினைவில் எழ, இடப்புறத்து வைப்பாரும் வேம்பாரும் மறைந்துபோகக் கூடும். தோணியிலிருந்து கரையை நோக்குவதாக எண்ணினால் மறைந்த ஊர்கள் தோன்றும், தோன்றியவை மறையும். கற்றதும் கண்டதும் உள்ளே இருக்க, அவற்றை அடையும் வழியே அடைபட்டிருக்கிறது.

பொய்யன் உண்மையை அறிந்து மறைப்பவன். இவரிடமோ மறைப்பதற்கு உண்மை இல்லை. ஆகவே இவரைச் சினந்து வாதிடுதல் பயன் தாராது, அறமும் ஆகாது. ஆயினும், குற்றம் இல்லை என்பதனால் ஆபத்தும் இல்லை என்றாகிவிடாது. தளர்ந்த காலை ஊன்றி எழ முயன்று அவர் விழலாம்; இடப்புறம் வரும் வண்டியைக் காணாமல் வீதியைக் கடக்கலாம். அவர் சொல்லை அவ்வாறே ஏற்று வாளாவிருத்தலும் அன்பாகாது.

பின் செய்யத்தக்கது யாது? இக்கடலில் 1961-ஆம் ஆண்டுவரை நடந்த முத்துச் சலாபத்தை எண்ணிப் பார்க்கலாம். கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்கியவர், மூச்சு முட்டும் வேளையில் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். நோயறியாமை உற்றவரோ கயிற்றை அசைப்பதில்லை. தாம் ஆழத்தில் இருப்பதையே அவர் அறியார். ஆதலால் மேலே இருப்பவருக்குக் கடமை இரட்டிப்பாகிறது. அழைப்பு வரும்வரை காத்திராமல், அவருடைய இடப்பக்கத்தைத் தாமே காத்தல் வேண்டும். இடப்புறம் தலையைத் திருப்பிப் பார்க்கப் பொறுமையுடன் பழக்குதல் வேண்டும். இலையை நாள்தோறும் முகம் சுளிக்காமல் திருப்பி வைத்தல் வேண்டும். பலருக்குத் தம் நிலையைப் பற்றிய உணர்வு சில நாள்களிலோ வாரங்களிலோ மீளுகிறது.

நலமுள்ளோரும் தம் குறையைத் தாமே முற்றக் காண்பதில்லை. அதனாலன்றோ பெரியோர் ஆசார்ய ஸம்பந்தத்தையும் அடியார் குழாத்தையும் வேண்டினர்! திருவிழாக் கூட்டத்தில் அத்தகைய முதியவர் ஒருவர் வருவாராயின், அவருடைய இடப்பக்கத்தே அன்பர் ஒருவர் நடந்து வருவாராக.