மரம் வைத்தவனும் தண்ணீரும்

மணிலாவின் கியாப்போ தேவாலயத்தில் கறுப்பு நாசரேன் இருக்கிறார். சிலுவை சுமக்கும் கரிய இயேசு. ஆண்டுதோறும் ஜனவரி 9 அன்று அவருடைய தேர்வடத்தைத் தொட்டுவிட லட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் முண்டியடிக்கிறார்கள். தேவாலயத்துக்கு வெளியே வந்தால் பிளாசா மிராண்டா சதுக்கம். மெழுகுவத்தி, ஜெபமாலை, தாயத்துக் கடைகளுக்கு நடுவே வேரும் பட்டையும் ஊறவைத்த போத்தல்களும் விற்பனைக்கு இருக்கும். 'பம்பா ரெக்லா' என்பார்கள். நின்றுபோன மாதவிடாயை வரவழைக்கும் மருந்தாம். ஏன் நின்றது என்று கடைக்காரி கேட்பதில்லை. வாங்க வந்தவளும் சொல்வதில்லை.

பிலிப்பைன்ஸில் கருக்கலைப்பு குற்றம். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றுகூடச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு எழுதப்படவில்லை. ஆனாலும் 2012-இல் மட்டும் சுமார் 6,10,000 கருக்கலைப்புகள் நடந்திருக்கும் என்று குட்மாக்கர் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. இந்த வழிக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் மணமானவர்கள், ஏழைகள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள், கத்தோலிக்கர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் ஊர்ப் பழமொழி. பிலிப்பைன்ஸ் ஏழை வீடுகளிலும் நெடுங்காலமாக இதே நம்பிக்கைதான். குழந்தை இறைவன் கொடுத்த வரம். கொடுத்தவனே வளர்க்கவும் வழிகாட்டுவான். நம்பிக்கை தவறு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை ஏழையின் வீட்டில் மட்டும் சட்டமாக்கலாமா என்பதுதான் அந்த நாட்டை உலுக்கிய கேள்வி.

விவாதத்தின் வேர் ரோமில் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் என்பதைக் கடவுள் முன்னிலையில் பெற்றோரே முடிவு செய்ய வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொன்னது. அடுத்த ஆண்டே, திருத்தந்தையின் ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர் செயற்கைக் கருத்தடையை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். ஆறாம் பவுல் ஏற்கவில்லை. 1968-இல் வந்த அவருடைய சுற்றுமடல், முடிவெடுக்கும் உரிமையைப் பெற்றோரிடமே விட்டுவிட்டு, அதைச் செயல்படுத்தும் வழிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடியது. மாத நாள்களை எண்ணி விலகியிருக்கலாம்; மாத்திரையும் ஆணுறையும் கூடாது. கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை எடுத்ததுபோல.

ஐரோப்பியக் கத்தோலிக்கர்கள் அந்த மடலைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. மணிலாவில் அதற்கு அரசியல் பலம் கிடைத்தது. 1986-இல் மார்கோஸின் சர்வாதிகாரத்தை எதிர்த்து மக்களைத் தெருவுக்கு அழைத்தவர் கர்தினால் ஹைமே சின். அந்த வெற்றிக்குப் பின் ஆயர்களைப் பகைத்துக்கொள்ள எந்த அரசியல்வாதி துணிவான்? 1987 அரசியலமைப்பிலேயே, கருவில் உள்ள உயிரைக் கருத்தரித்த நொடி முதல் அரசு காக்கும் என்ற வாசகம் ஏறியது.

1960-இல் பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் ஏறக்குறைய சம மக்கள்தொகை கொண்ட நாடுகள். இன்று தாய்லாந்து சுமார் ஏழு கோடி; பிலிப்பைன்ஸ் பதினோரு கோடியைத் தாண்டிவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள் எல்லா மேடையிலும் எடுத்து வைத்த கணக்கு இது. அது பாதிக் கணக்குதான். தாய்லாந்து பிள்ளைகளைக் குறைத்ததோடு நிற்கவில்லை, தொழிற்சாலைகளையும் கட்டியது.

2000-ஆம் ஆண்டில் மணிலா மேயர் லிட்டோ அட்டியென்சா ஓர் ஆணை போட்டார். 'வாழ்வை ஆதரிக்கும் நகரம்' என்ற பெயரில், செயற்கைக் கருத்தடையைத் தவிர்க்கச் சொன்னது ஆணை. தடை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் நகராட்சி சுகாதார நிலையங்களில் இலவச மாத்திரையும் ஊசியும் நின்றுபோயின. பணமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வாள், அவளும் கத்தோலிக்கர்தான். இலவச மாத்திரையை நம்பியிருந்த, மணிலாவின் தோண்டோ குடிசைப்பகுதிப் பெண்தான் தவித்தாள். நகரத்து ஏழைகள் இருபது பேர் 2008-இல் நீதிமன்றம் போனார்கள். நடைமுறைக் காரணங்களைக் காட்டி மனு தள்ளுபடியானது. அந்த ஆணையால் பெண்களின் உரிமைகள் கடுமையாக மீறப்பட்டன என்று ஐ.நா. குழு ஒன்று 2015-இல் அறிக்கை தந்தது.

அதே 2008-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வு ஆயர்களுக்கும் ஒரு செய்தி வைத்திருந்தது. மிக ஏழைப் பிரிவுப் பெண்கள் சராசரியாக விரும்பியது 3.3 பிள்ளைகள், பெற்றது 5.2. மிகப் பணக்காரப் பிரிவில் விரும்பியது 1.6, பெற்றது 1.9. ஏழைகள் அறியாமையால் பெற்றுத் தள்ளுகிறார்கள் என்ற பேச்சு இந்த எண்களுக்கு முன் நிற்காது. அவர்களுக்கும் ஒரு கணக்கு இருந்தது, கையில் வழிதான் இல்லை.

திருச்சபையின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வறுமைக்குக் காரணம் குழந்தைகளா, கொள்ளையா என்று ஆயர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கோடிக்கணக்கான டாலரைச் சுருட்டியது மார்கோஸ் குடும்பம். ஹசியெண்டா லுயிசித்தா என்ற கரும்புத் தோட்டம் மட்டும் ஆறாயிரம் ஹெக்டேருக்கு மேல். அதன் பெரும்பகுதியை உழுதவர்களுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் இறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், ஏழைகளுக்கு அரசே கருத்தடை வசதி தர வழிசெய்த குடும்பநலச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதிபர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ. தோட்டம் அவருடைய தாய்வழிக் குடும்பத்துச் சொத்து! ஆயர்கள் இந்த முரணைத் தொடர்ந்து பிடித்திருந்தால் ஏழைகளுக்கு இன்னும் நல்லது நடந்திருக்கும். அவர்களோ மாத்திரையைப் பிடித்துக்கொண்டார்கள்.

2013 தேர்தலில் பகோலோட் நகரப் பேராலயச் சுவரில் ஆளுயரத்தைவிடப் பெரிய பதாகை தொங்கியது. குடும்பநலச் சட்டத்தை எதிர்த்த வேட்பாளர்கள் 'வாழ்வு அணி', ஆதரித்தவர்கள் 'மரண அணி'. மரண அணியில் இருந்த லோரன் லெகார்தாவும் பிரான்சிஸ் எஸ்குதேரோவும் தாராளமாக வென்று செனட்டுக்குப் போனார்கள். பலிபீடத்துக்கு முன் மண்டியிடும் அதே மக்கள் வாக்குச்சாவடியில் தங்கள் தீர்ப்பைத் தனியே எழுதினார்கள். 1987 அரசியலமைப்பை எழுதிய குழுவில் இருந்த இயேசு சபைக் குரு ஹுவாக்கின் பெர்னாஸும் இதே நிலையில்தான் இருந்தார். பல மதத்தவர் வாழும் நாட்டில் ஒரு மதத்தின் போதனையை அரசு எல்லோர் மீதும் திணிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதினார். அவர் திருச்சபையை விட்டுப் போகவில்லை. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்போலப் பெருக வேண்டியதில்லை என்றார். சுற்றுமடலை அவர் மாற்றவும் இல்லை.

இதற்கிடையில் பெண்கள் காத்திருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள், 2022-இல் 1.9. அப்படியானால் வறுமை ஒழிந்திருக்க வேண்டுமே? 2023-இல் மக்களில் 15.5 விழுக்காட்டினர், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கோடிப் பேர், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஊரில் வேலையில்லை என்று தாய்மார் ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் அடுத்தவர் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் 2024-இல் 3,400 கோடி டாலருக்கும் மேல். குடும்பமே புனிதம் என்று பேசும் நாடு குடும்பத்தைப் பிரித்துத்தான் பிழைக்கிறது. மக்கள்தொகை குறைந்தால் வறுமை தானாகப் போகும் என்றவர்களும், இறைவன் பார்த்துக்கொள்வான் என்றவர்களும் இந்த இடத்தில் ஒருசேரத் தோற்றார்கள். இந்த நாட்டுக்கு நிலமும் வேலையும் வேண்டும். பிள்ளையின் எண்ணிக்கையைத் தாய் தன் மனசாட்சியோடு பேசி முடிவு செய்துகொள்வாள்.

அந்த உரிமை இன்னும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. குடும்பநலச் சட்டம் செல்லும் என்று 2014-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே குழந்தை பெற்ற சிறுமிகூடப் பெற்றோரின் சம்மதமின்றிக் கருத்தடை பெற முடியாதபடி செய்துவிட்டது. பதின்பருவக் கர்ப்பத்தைத் தடுக்கும் மசோதா செனட்டில் நின்றபோது, அதே வடிவில் நிறைவேறினால் மறுப்பதிகாரத்தால் தடுப்பேன் என்று அதிபர் இளைய மார்கோஸ் 2025 ஜனவரியில் அறிவித்தார். பதினான்கு வயதும் அதற்குக் கீழும் உள்ள சிறுமிகளுக்கு 2023-இல் அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் மூவாயிரத்துக்கும் மேல்.