கடன் கொடுத்தவர் வாங்க மறுத்தால்?



கணக்கியலில் ஒரு வழக்கம் உண்டு. கடன் கொடுத்தவர் "இனித் திருப்பித் தர வேண்டியதில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், வாங்கியவரின் ஏட்டில் அக்கடன் தீர்ந்ததாகிவிடும். மனிதர் மனிதருக்குச் செய்யும் உதவிக்கும் இது பொருந்துமா? கணக்காளனாகிய என்னை இக்கேள்வியைப் பற்றிச் சிந்திக்க வைத்தது நேபாளி மொழியிலுள்ள ஒரு சிறு காவியம்.

நேபாளி எமக்கு அந்நியமான மொழி என்று எண்ண வேண்டாம். எமது டெக்சாஸ் மாநிலத்திலேயே பூட்டானிலிருந்து அகதிகளான நேபாளி பேசும் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். 1989இல் பூட்டான் பள்ளிகளில் இவர்களது மொழிப்பாடம் நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கிழக்கு நேபாளத்து முகாம்களில் 15 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பின்னர், 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது அமெரிக்காவுக்கே.

இவர்களுக்கும் ஒரு கம்பர் உண்டு. இராமாயணத்தை நேபாளியில் பாடிய பானுபக்த ஆச்சார்யா (1814–1868) என்பவரே அவர். அவர் மறைந்த பின்னர் அதை அச்சேற்றிப் பரப்பியவர் மோதிராம் பட்டர். ஆண்டுதோறும் ஜூலை நடுப்பகுதியில் நேபாளி பேசுவோர் உள்ள இடமெல்லாம் பானு ஜயந்தி கொண்டாடப்படுகின்றது.

நான் குறிப்பிட்ட காவியத்தை இயற்றியவர் "மகாகவி" எனப் போற்றப்படும் லக்ஷ்மி பிரசாத் தேவ்கோட்டா. 1909இல் காத்மாண்டுவில் தீபாவளிக் காலத்து இலட்சுமி பூசை நாளில் பிறந்ததால் அவருக்கு அப்பெயர் வந்தது. பெயரில் வந்த இலட்சுமி வீட்டுக்கு வரவில்லை, வாழ்நாளெல்லாம் பணமுடைதான். 1947இல் காசிக்குச் சென்று, ராணாக்களின் ஆட்சியை எதிர்த்த "யுகவாணி" என்னும் ஏட்டை நடத்தினார். 1959இல் புற்றுநோயால் காலமானார். தம் நூல்கள் யாவும் எரிந்தாலும் "முனா மதன்" ஒன்றையாவது காப்பாற்றுங்கள் என்று இறுதி நாட்களில் அவர் கேட்டுக்கொண்டதாகக் கூறுவர். பண்டிதர்கள் மதிக்காத நாட்டுப்புற மெட்டில் 1930களில் அவர் பாடிய காவியம் அது.

கதை எமக்குப் பழக்கமானதுதான். மதன் காத்மாண்டுவில் வாழும் இளைஞன். தாயை நன்றாக வைத்திருக்க வேண்டும், நல்ல வீடு வேண்டும் என்ற ஆசையில் பொருள் தேடித் திபெத்தின் லாசாவுக்குப் புறப்படுகிறான். போகவேண்டாம் என்று மனைவி முனா மன்றாடுகிறாள். அவன் கேட்கவில்லை. பொன்னோடு திரும்பும் வழியில் கொடிய நோயில் விழுகிறான். உடன் வந்த சொந்த நாட்டவர்கள் அவனைக் காட்டுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவனைக் கண்டெடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், மருந்தும் உணவும் தந்து பிழைக்க வைப்பவன் ஒரு "போட்டே", அதாவது திபெத்திய இனத்தவன். 1854ஆம் ஆண்டின் நேபாளச் சட்டம் மக்களைச் சாதி வாரியாக அடுக்கி, போட்டேக்களை அடிமையாக்கத்தக்கோர் வரிசையில் வைத்திருந்தது. மதனோ சத்திரிய குலத்தவன். அவன் அந்தப் போட்டேயின் கால்களைத் தொட்டு வணங்குகிறான். மனிதனின் பெருமை உள்ளத்தில் உள்ளது, சாதியில் இல்லை என்று கவிஞர் அவன் வாயால் சொல்ல வைக்கிறார்.

(அதே தாழ்ந்த வரிசையில் வைக்கப்பட்ட தமாங் இனத்தில், 1937இல் டார்ஜிலிங்கில் பிறந்தவரே எழுத்தாளர் பாரிஜாத். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த நாவலுக்காக நேபாளத்தின் பெரிய இலக்கியப் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவர். அடுக்கிய சட்டம் எவ்வளவு குருடானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.)

மதன் தன்னைக் காத்தவனுக்குப் பொன் கொடுக்க முன்வருகிறான். அவன் வாங்க மறுக்கிறான். மதன் வீடு வந்தபோது, அவன் இறந்துவிட்டதாக வந்த பொய்ச் செய்தியால் முனா உயிர் துறந்துவிட்டாள். தாய் மரணப் படுக்கையில் கிடக்கிறாள். சில நாட்களில் மதனும் மாய்கிறான். பொன் எவருக்கும் பயன்படவில்லை. போட்டேக்குப் பட்ட கடனும் தீரவில்லை.

எம்முள் பலருக்கு இப்படியொரு தீராத கடன் இருக்கின்றது. வந்த புதிதில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தந்தவர், வீடு கிடைக்காதபோது பிணை நின்றவர், நள்ளிரவில் பிள்ளையை மருத்துவமனைக்குக் காரில் ஏற்றிச் சென்றவர் எனப் பலர். சிலரின் பெயர் கூட எமக்குத் தெரியாது. நன்றி சொல்லப் போனால் "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அத்தோடு கணக்கு முடிந்ததா?

முடியவில்லை என்பதே என் கருத்து. கொடுத்தவர் தம் உரிமையை விடலாம். பெற்றவரின் மனச்சாட்சியை அவர் விடுவிக்க முடியாது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லையெனில், அவர் எமக்குச் செய்ததை அதே நிலையில் நிற்கும் இன்னொருவருக்குச் செய்ய வேண்டும்.

"ஊரில் எமது சனங்களே துன்பப்படும்போது பிறரை ஏன் பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் போட்டேக்கும் குடும்பம் இருந்தது, வறுமையும் இருந்தது. "முதலில் என் சனம்" என்று அவன் நினைத்திருந்தால் மதன் அக்காட்டிலேயே இறந்திருப்பான். உறவுக்கு ஒரு கடமை உண்டு. கண்முன்னே விழுந்து கிடப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக் கழிப்பது சரியன்று.

செய்வதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. வரிப் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். பல்கலைக்கழகம் செல்லும் எமது பிள்ளைகள், குடியுரிமைத் தேர்வு எழுதும் முதியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள் கோயிலுக்கு வந்தால் அன்னதானப் பந்தியில் எமது குடும்பங்களோடு அமரச் செய்து, பானுபக்தரின் இராமாயணத்தைப் பாடிக் காட்டும்படி கேட்கலாம். அவர்களிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ளவும் நிறைய உண்டு.