வைத்தியர் பேச்சு மாறுகிறதா?



"அன்றைக்கு ஒன்று சொன்னார்கள், இன்றைக்கு வேறொன்று சொல்லுகிறார்கள். இந்தப் படித்தவர்கள் பேச்சை எப்படி நம்புவது?" என்று நம் களமருதூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அடிக்கடி கேட்கிறோம். இது சும்மா தள்ளிவிடத் தக்க கேள்வியல்ல. தானே சோதித்துப் பார்க்க வழியில்லாத காரியத்தில், அறிந்தவன் சொல்லை ஏற்றுக்கொள்வது எந்த மட்டும் நியாயம்? மனிதனுடைய அதிகாரத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்ட வாதம் வாதங்களிலெல்லாம் பலவீனமானது என்பது அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ் என்னும் வேதசாஸ்திரியின் போதனை. ஆகவே "டாக்டர் சொன்னார்" என்பதோடு நின்றுவிடாமல், எதைக் கண்டு சொன்னார் என்று கேட்பது அகங்காரமாகாது. புத்தியைத் தந்தவருக்குச் செய்யும் மரியாதையே அது.

ஒரு திருஷ்டாந்தம் பார்ப்போம். நம் வீடுகளில் பெயர் சொல்லவே கூசுகிற காசநோயைப் பற்றியது.

1956-ம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தின. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வைத்து, நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது அந்நாளைய எண்ணம். கல்வராயன் மலையிலிருந்து ஒரு கூலிக்காரர் ஓர் ஆண்டு தாம்பரத்தில் போய்ப் படுத்துக்கொண்டால், பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்ப்பது யார்?

சென்னை நகரத்து ஏழை நோயாளிகளைத் திருவுளச் சீட்டுப் போடுவது போன்ற முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியார் தாம்பரம் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஏன் சீட்டு? டாக்டரே தெரிந்தெடுத்தால், இரக்கத்தினால் மோசமானவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். பிறகு தராசு சரியாக நிற்காது. இரு பகுதியாருக்கும் ஒரே மருந்து, ஓர் ஆண்டுக் காலம். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் 100-க்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டவர்கள், வேலைக்கும் போனவர்கள். அவர்களோடு வாழ்ந்த வீட்டாரைப் பல ஆண்டுகள் கவனித்தும், சானடோரியத்துக்குப் போனவர்களின் வீட்டாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. கட்டிலல்ல, ஒழுங்காகச் சாப்பிட்ட மருந்தே குணமாக்கிற்று.

இனி, 2023-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி. சென்னையின் அதே நிலையம், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு, ஜார்க்கண்டில் மற்றவர்களுடன் சேர்ந்து நடத்தியது. நோயாளிகளின் வீட்டார் 10,345 பேரைக் கவனித்தார்கள். இங்கேயும் சீட்டு முறைதான். ஆனால் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது. அதாவது, 100 பேருக்கு வந்திருக்கக்கூடிய இடத்தில் சுமார் 61 பேருக்கு வந்தது.

"பார்த்தீர்களா! அன்று ஆகாரம் முக்கியமில்லை என்றார்கள், இன்று ஆகாரமே மருந்து என்கிறார்கள்" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். அன்றைய கேள்வி: மருந்து சாப்பிடுகிற நோயாளி குணமாக, சானடோரியத்துக் கட்டிலும் ஆகாரமும் அவசியமா? இன்றைய கேள்வி: நோய் வராத வீட்டாருக்கு வராமல் தடுக்க ஆகாரம் உதவுமா? கேள்விகள் இரண்டு, ஆகவே விடைகளும் இரண்டு. கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் ஊர் முழுவதும் சுமந்து திரிவதனாலேயே முரண்பாடு பிறக்கிறது.

இதனால் பிராணச்சேதமும் உண்டாகும். "வீட்டிலேயே குணமாகுமாம்" என்று அரைகுறையாகக் கேட்டவர், எலும்பும் தோலுமாய், பிடிமானமில்லாமல் நிற்க முடியாத தகப்பனாரை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும். 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதற்காகவே நோயாளியின் எடையையும் மூச்சையும் பார்த்து, தானாக நிற்க முடிகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுகிறது. காரணத்தை விளக்காமல் "அட்மிட் பண்ணுங்கள்" என்று மட்டும் சொன்னால் குடும்பம் பயந்து ஓடும். விளக்கிச் சொன்னால் சம்மதிக்கும். ஆதலால் அறிந்தவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. கேட்பவனுக்குப் புரியாத பாஷையில் சொல்லிய உண்மை, பூட்டிய பெட்டியிலிட்ட நெல்லுக்குச் சமானம்.

நம் கடமை என்ன? டாக்டரிடமோ நர்சம்மாவிடமோ மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். இது எப்படித் தெரிய வந்தது? எப்படிப்பட்டவர்களிடத்தில் பார்த்தது, அது எனக்குப் பொருந்துமா? இன்னும் தெரியாதது எது? நல்ல நிபுணர் மூன்றாம் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிறவரையே தெரிந்த காரியத்தில் திடமாக நம்பலாம். அப்படி நம்பத்தக்க காரணம் கிடைத்தபின், நம்பியபடி நடப்பதும் கடமை. கேள்வி கேட்டுக்கொண்டே மருந்தை ஒத்திப்போடுவது புத்தியல்ல, சோம்பல்.

காசநோய் எச்சில் தட்டினாலும் துணியினாலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் பரவுகிறது. ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து அவமானப்படுத்த வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இருமல் நின்றது என்று பாதியில் நிறுத்தாமல், சொன்ன காலம் முழுவதும் மருந்தைச் சாப்பிடுங்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயை மறைக்கிற பெற்றோர், ஐந்தாம் கற்பனையை ஒருமுறை மனதில் கொண்டுவரட்டும். அந்தப் பெண்ணின் உயிரும், அவளோடு ஒரே கூரையின்கீழ்த் தூங்குகிற குழந்தைகளின் உயிரும் அவர்கள் கையில் ஒப்புவிக்கப்பட்டவை.

உங்கள் பங்குக் குரு