தூண்டிற்கோலின் சாட்சியம்

பழனி நகரையொட்டி ஓடும் சண்முகநதி அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூரைக் கடந்து காவிரியைச் சேர்கிறது. மலைக்கு மேற்கே, மறையூர்ப் பக்கமிருந்து வரும் பாம்பாறும் அமராவதிக்கே நீர் கொணர்கிறது. இவ்வாறு காவிரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆறுகளில் வாழும் மகசீர் என்னும் பெருங்கெண்டையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்பர். 1919-இல் ரிவெட்-கார்னாக் என்னும் ஆங்கிலேயர் காவிரியில் 119 பவுண்டு எடையுள்ள மகசீரைத் தூண்டிலிட்டுப் பிடித்தார். 1946 மார்ச் 22 அன்று, மைசூரில் விலங்குகளைப் பதப்படுத்தும் தொழிலில் புகழ்பெற்றிருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், கபினியாற்றில் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். வேறுபாடு ஒரே ஒரு பவுண்டு. இந்திய மகசீரின் உச்ச எடையாக இன்றளவும் பேசப்படுவது அதுவே. ஆயினும் அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் ஏட்டைப் புரட்டினால் அங்கே காண்பது, 1984-இல் காவிரியில் ராபர்ட் ஹோவிட் பிடித்த 95 பவுண்டு மீன்தான். நினைவு ஒன்று சொல்கிறது, ஏடு வேறொன்று சொல்கிறது.

இத்தகைய மீன்களைப் பிடித்த கோல்கள் ஏல மன்றங்களுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஆறு கீற்றுகளை ஒன்றாக ஒட்டி, பட்டுநூல் சுற்றி, மெருகெண்ணெய் பூசிச் செய்த அக்காலக் கோல் பார்ப்பதற்கு அழகிய பொருள். அதன் பித்தளைப் பூண்களும் தக்கைக் கைப்பிடியும் அதன் வயதைச் சொல்லும்; பொறித்த எண் இருந்தால் செய்த காலத்தையும் சொல்லும். ஆனால் எந்த மீனை அது இழுத்தது என்பதை அந்தக் கோலால் சொல்ல இயலாது. அதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். தந்தை மகனிடம், மகன் வாங்கியவரிடம் என்று கைமாறி வரும் சொல்லே அப்பொருளின் விலையில் பெரும்பங்கு. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மிஞ்சுவது பழைய மூங்கில்.

மெய்யியல் பயின்றோர்க்கு இங்கே தேசேயுவின் கப்பல் நினைவுக்கு வரும். ஏதென்ஸ் மக்கள் அக்கப்பலைப் பேணி வந்தனர் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். தூண்டிற்கோலுக்கும் அதே கதிதான். நுனி ஒடியும், புதிது பொருத்துவர். வளையம் தேயும், மாற்றுவர். தக்கை உதிரும், வேறு சுற்றுவர். நுனியும் வளையமும் கைப்பிடியும் மாறிய பின் அன்று வளைந்த கோல் எங்கே இருக்கிறது?

தொலைவில் நடந்த இன்னொன்றும் இங்கே பொருந்தும். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்னும் ஏழை இளைஞர் 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தார். உடன் சென்றவர் ஜாக் பேஜ். இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே கோல், ஒரே பொய்யிரை என்பர். மீனை நிறுத்துக் காட்டிவிட்டு வீட்டாரோடு சமைத்து உண்டுவிட்டார் பெரி. பசியுள்ள வீட்டில் அதுவே முறை! ஆனால் பொய்யிரை எது என்பதில் இன்றும் உடன்பாடில்லை. க்ரீக் சப் நிறுவனத்தின் 'ஃபின்டெயில் ஷைனர்' என்பார் சிலர், 'விக்கிள் ஃபிஷ்' என்பார் வேறு சிலர். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைவிடச் சற்றே கூடிய எடையில் ஒரு மீனைப் பிடித்தபோது, வேறுபாடு 2 அவுன்சுக்கும் குறைவு என்பதால் இருவரையும் சமமாகவே ஏட்டில் எழுதினர். குரிதா பொய்யறியும் கருவியின் முன் அமர நேர்ந்தது. பெரியின் தலைமுறைக்கு எடைக்கல்லும் அண்டை வீட்டாரின் சொல்லும் போதுமானதாக இருந்தன.

'ஒரு மீன், ஒரு கோல். கூட்டியோ குறைத்தோ சொன்னால் யாருக்கு என்ன நட்டம்?' என்று கேட்கத் தோன்றும். புனித தாமஸ் அக்குவினார் பொய்யை விளையாட்டுப் பொய், உதவும் பொய், தீங்கிழைக்கும் பொய் என்று பிரித்தார். மீன்பிடிப்போரின் கதை முதல் வகையைச் சேர்ந்தது என்று நாம் சிரித்துவிடுவோம். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்க்கும் இடமுண்டு என்று வள்ளுவர் சற்றுத் தளர்த்தியும் தந்திருக்கிறார். ஆனால் விளையாட்டுப் பொய் எப்போது தீங்கிழைக்கும் பொய்யாகும் என்பது சொல்பவருக்கு அன்று தெரிவதில்லை. அதை நமக்குக் கற்பிப்பது அதே காவிரி மகசீர்தான்.

120 பவுண்டு வரை வளர்ந்தது திமிலுள்ள மகசீர். 1970-களிலிருந்து லோனாவாலாவில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கச் செய்த நீலத்துடுப்பு மகசீர் காவிரியில் விடப்பட்டது, நல்லெண்ணத்தோடுதான். வந்தவை பெருகின, வீட்டுக்குரியவை மறைந்தன. இதை உலகுக்குக் காட்டியது 1998 முதல் 2012 வரை காவிரிக் கரை முகாம்களில் தூண்டிலிட்டோர் எழுதி வைத்த குறிப்பேடுகள்: எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டனர், எந்த வகை மீன், என்ன எடை. வெறும் பொழுதுபோக்கின் கணக்கு! அதில் பெருமைக்காகப் பத்துப் பவுண்டைக் கூட்டியிருந்தால், பிடிபடாத நாளை எழுதாமல் விட்டிருந்தால், ஓரினம் அழிந்து வருவதை யார் அறிந்திருப்பர்?

கோலைப் போற்றுகிறோம், பரிசல் ஓட்டியவரை மறந்துவிடுகிறோம் என்பதையும் இடையே சொல்ல வேண்டும். எந்தச் சுழியில் மீன் கிடக்கும் என்று அறிந்திருந்தவர் அவரே. புகழ்பெற்ற மீன்களின் வரலாற்றில் கோல் செய்தவரின் பெயர் இருக்கும், பரிசல்காரர் பெயர் பெரும்பாலும் இராது. பொருளின் வரலாற்றுக்காக வழக்காடுவோர் இந்த இழப்புக்காக வழக்காடுவதில்லை.

திமிலுள்ள அந்த மீனுக்கோ, இத்தனை புகழுக்கும் பின், 2018 வரை அறிவியல் பெயரே உறுதிப்படவில்லை. அவ்வாண்டில் ஆய்வாளர் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டு, அது 'டோர் ரேமாதேவி' என்று நிறுவினர். மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயரால், சின்னார் சரணாலயத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு முன்னரே சூட்டப்பட்ட பெயர் அது. அதே ஆண்டில் அவ்வினம் மிகக் கடுமையாக அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. உலகப் புகழ் பெற்ற பேருருவத்துக்குப் பெயர் தந்தவை, யாரும் நிறுத்துப் பார்க்காத அந்தச் சிறு மீன்கள். கிடைத்த இடத்தைப் பிழையின்றி எழுதி வைத்ததால் மட்டுமே அவை உதவின.